திமிலுக்குக் கீழே வெள்ளை

ஒரு கோட்டையையே தின்று ஏப்பம் விட்ட ஊர் பழவேற்காடு. இங்கிலீஷ்காரன் வெடிமருந்து வைத்து உலாந்தாக்காரனின், அதாவது டச்சுக்காரனின், கோட்டையைத் தகர்த்தான். புகை அடங்குவதற்குள் ஊர்ச்சனம் கூடையும் கையுமாக உள்ளே இறங்கிவிட்டது. அந்தச் செங்கல் எல்லாம் இன்று எந்தெந்த அடுப்படியில், எந்தெந்தக் கிணற்றுச் சுவரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கோட்டை தீர்ந்ததும் உலாந்தாக்காரர்கள் விட்டுவிட்டு ஓடிய வீடுகளின் பக்கம் திரும்பினார்கள். முதலில் கதவு, பிறகு ஓடு, பிறகு உத்தரம், கடைசியில் செங்கல் என்று அதிலும் ஒரு முறை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏரிக்கரையிலிருந்த ஒரு மாடிவீட்டின் மேல் மட்டும் அவர்கள் பல் படவில்லை. அங்கே வாசலில் நாகம்மாள் துடைப்பத்தோடு நின்றாள்.

அது சாயத்துரையின் வீடு. சாயம் தோய்த்த துணிகளைக் கப்பலேற்றி அனுப்பிய வியாபாரி என்பதால் ஊர் அவருக்கு வைத்த பேர் அது. சொந்தப் பேரைச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையவில்லை. நாகம்மாள் அந்த வீட்டில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவியவள். அவள் புருஷன் சிங்காரம் துரையின் படகோட்டி. கோட்டை தகர்ந்த அதே வாரம் துரை பெண்டாட்டியையும் பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு கிளம்பினார். அலையைத் தாண்டி அவர்களைக் கப்பலில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று போன சிங்காரம், கப்பலோடு தெற்கே போய்விட்டான். துரை விடவில்லை என்று சிலர் சொன்னார்கள். இவனே ஏறிக்கொண்டான் என்றும் சிலர் சொன்னார்கள். எது உண்மை என்று நாகம்மாள் யாரிடமும் விசாரிக்கவில்லை. படகில் கால் வைக்கும்போது அவன் சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது.

"கடலப் பாத்த செவுத்த மட்டும் கருக்க உட்டுடாத நாகு. நான் எப்ப வந்தாலும் அந்த வெள்ளையப் பாத்துத்தான் வருவேன்."

அவ்வளவுதான் சொன்னான். எப்படிப் பார்த்து வருவாய், எங்கிருந்து பார்ப்பாய் என்று இவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்து தை பிறந்ததும் நாகம்மாள் ஏரியில் இறங்கிக் கிளிஞ்சல் அள்ளுவாள். முள் வெட்டிப் போட்டுச் சுட்டு, நல்ல தண்ணீர்விட்டுச் சுண்ணாம்பாகத் தாளித்து, துணியில் வடிகட்டி, அரிசிக் கஞ்சி கலந்து, மூங்கில் ஏணியில் ஏறி அந்தச் சுவர் முழுக்க அடிப்பாள். மற்ற மூன்று பக்கங்களும் எப்படியோ போகட்டும். கடலைப் பார்த்த சுவர் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். சுவர் நிற்க வேண்டுமானால் வீடு நிற்க வேண்டும் அல்லவா? அதனால் ஓடு மாற்றினாள், உத்தரத்துக்கு எண்ணெய் பூசினாள், காலையில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து சாயங்காலம் ஒவ்வொன்றாகச் சாத்தினாள். காற்றுப் போகாத வீடு சீக்கிரம் செத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். இவ்வளவும் செய்தவள், படுத்தது என்னவோ அடுப்படியில்தான். துரையின் நாற்காலியில் ஒரே ஒரு முறை உட்கார்ந்திருக்கிறாள், காய்ச்சலில் தலை சுற்றியபோது. காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாக அந்த நாற்காலியைத் துடைத்து வைத்தாள்.

பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. நாகம்மாள் பிறந்தது ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பத்தில். ஏரிக்கு அந்தப் பக்கம், கடலுக்குப் போகிறவர்களின் ஊரான பசியாவரத்துச் சிங்காரத்தைக் கட்டிக்கொண்டபோதே பிறந்த வீடு கைகழுவிவிட்டது. சேற்றில் இறால் தடவுகிறவள் என்று பசியாவரமும் அவளை வாசல் தாண்டி உள்ளே விடவில்லை. துரை வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தவரை இருவருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அவன் போனபிறகுதான் அவளுக்கு உறைத்தது. செங்கல் எடுக்க விடாமல் துரத்தியதில் ஊரும் பகை. "வெள்ளைக்காரன் ஊட்டுப் பேய்" என்று பேர் வைத்தார்கள். பேய் என்றால்கூட ராத்திரியிலாவது நாலு பேர் நினைத்துக்கொள்வார்கள், இவளை அப்படியும் யாரும் நினைக்கவில்லை. அவள் சுவரோடு பேசினாள். சுவர் எதிர்த்துப் பேசாத காரணத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததில்லை. சில சாயங்காலங்களில் மாடி ஜன்னலில் உட்கார்ந்து, இந்த உலகத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லையே என்று வாய்விட்டே அழுவாள். அழுதுவிட்டு ஜன்னலைச் சாத்துவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது உலாந்தாக்காரன் கொடி பழவேற்காட்டில் மறுபடியும் ஏறியது. மேலே இருக்கிற ராஜாக்கள் தங்களுக்குள் என்னவோ பேசி முடித்துக்கொண்டார்களாம்; இங்கிலீஷ்காரன் ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். சாயத்துரை வரவில்லை. அவர் செத்து நாளாகிவிட்டது என்றார்கள். வந்தவர் ஒரு புதுத் துரை, சிடுமூஞ்சி, வெயில் ஆகாதவர். அவர் பேச்சை ஊருக்கு மாற்றிச் சொல்லும் துபாஷியாக வீரராகவன் வாய்த்தார். அங்கவஸ்திரம் கசங்காமல் ஏரிக்கரையில் நடக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர்.

துரை ஊரைச் சுற்றிப் பார்த்தார். கோட்டை இருந்த இடத்தில் பள்ளம், வீடுகள் இருந்த இடத்தில் எருக்கு. இந்த வீட்டின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே போய் மாடி ஏறி இறங்கினார். ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார், அது முனகாமல் திறந்தது. நாகம்மாள் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நாகம்மா, உன் அதிர்ஷ்டம்," என்றார் வீரராகவன். "துரைக்குக் கிடங்கு கட்டச் செங்கல் வேணும். இந்த வீட்டை இடிச்சு எடுத்துக்கலாம்னுதான் வந்தார். பாத்ததும் மனசு மாறிடுத்து. நானே குடியிருக்கேங்கறார். எல்லாம் இந்த வெளுப்புக்காகத்தான். அழுக்காக் கிடந்தா இடிச்சுட்டே போயிருப்பார். அடுத்த மாசம் வர்றதுக்குள்ள நாலு பக்கமும் இப்படியே வெளுத்து வை."

"நான் எங்க போறது சாமி?"

"நீ எங்கேயும் போகவேண்டாம். பெருக்கறதுக்கு ஆள் வேணாமா?"

நாகம்மாளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் துடைப்பத்தை வைத்துக் காத்ததை இனி துரையின் சேவகன் துப்பாக்கி வைத்துக் காப்பான். வீடு நிற்கும், சுவர் நிற்கும், அவன் வருவான். அந்த மாசம் அவள் சுவரோடு பேசியதெல்லாம் பாட்டாகவே வந்தது.

தெற்குக் காற்று எழும்பிய ஒரு நாள். உச்சி வெயில். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கடலில் ஒரு பாய் தெரிவதைப் பார்த்தாள். சாமான் ஏற்றிய தோணி, தெற்கிலிருந்து வருகிறது. அவள் எத்தனையோ பாய்களைப் பார்த்தவள்தான், அதெல்லாம் வடக்கே போகும், தெற்கே போகும், முகத்துவாரத்துக்குப் பக்கவாட்டில் வந்து வளைந்து நுழையும். இந்தப் பாய் எந்தப் பக்கமும் சாயவில்லை. நூல் பிடித்தாற்போல நேராக இந்த வீட்டைப் பார்த்தே வந்தது.

வெள்ளையைப் பார்த்து வருவேன் என்றானே, இதோ வருகிறான்! துணியைப் போட்டது போட்டபடி கீழே ஓடினாள். ஓடியவள் பாதியில் நின்று, திரும்பி வந்து, தலையை வாரிக் கொண்டை போட்டாள். நரைத்த இடத்தை உள்ளே மடித்துச் செருகினாள். இத்தனை வருஷம் கழித்து வருகிறவன் முன்னால் பரட்டையாக நிற்கலாமா? மறுபடி மாடிக்கு ஏறி எட்டிப் பார்த்தபோது தோணி அசையாமல் நின்றிருந்தது. பாய் ஒரு பக்கமாகப் படுத்தது. அதன்மேல் அலை ஏறி இறங்கியது. இரண்டாவது அலை ஏறியபோது பாயைக் காணவில்லை.

பசியாவரத்துப் படகுகள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மணல் திட்டில் மோதிப் பிளந்த தோணியிலிருந்து சிலரை உயிரோடு இழுத்தார்கள். தோணியை ஓட்டி வந்தவனைப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். திருப்பிப் போட்டுப் பார்த்தால் அது மாணிக்கம். பசியாவரத்து மாணிக்கமேதான். சிங்காரத்தோடு அதே கப்பலில் தெற்கே போனவன், கொடி ஏறிய செய்தி கேட்டு ஊர் திரும்பியிருக்கிறான். அவன் பெண்டாட்டி பொன்னியம்மாள் கரையில் உட்கார்ந்து மணலை வாரி வாரித் தலையில் போட்டுக்கொண்டாள். நாகம்மாள் தள்ளி நின்றாள். பக்கத்தில் போய் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் கால் எழவில்லை.

பிழைத்தவர்களில் ஒருவன் சாலமன், அந்தக் காலத்தில் சாயத்துரை வீட்டில் சமையல் செய்தவன். போக இடமில்லாமல் பழகிய அடுப்படிக்கே வந்து சேர்ந்தான். நாகம்மாள் கஞ்சி ஊற்றினாள். அவன் அவசரமாகக் குடித்ததில் பாதி தரையில் சிந்தியது.

"மாணிக்கம் அண்ணன் தூரத்துலயே இந்தச் செவுத்தக் கண்டுகினாருக்கா," என்றான். "'தோ பார்றா சாலமன், ஊடு அப்டியே நிக்குது, இனிமே கண்ண மூடிக்கினு போலாம்'னு சொன்னாரு. அப்டி ஒரு சிரிப்பு சிரிச்சாரு. அத்தோட சரி."

நாகம்மாள் சிந்திய கஞ்சியைத் துடைத்தாள். பிறகு கேட்டாள், "அவர எங்கியாச்சும் பாத்தியா?"

"பாத்தேனே! நாகப்பட்டணத்துல, கருவாட்டுக் கிடங்காண்ட. நல்லாத்தான் கீறாரு. ஊடு நிக்குதான்னு கேட்டாரு. நிக்குதுன்னு யாரோ சொன்னாங்கன்னேன். அப்ப சரி, அடுத்த தெக்குக் காத்துக்கு நானும் வந்துடறேன்னாரு."

"என்னக் கேட்டாரா?"

சாலமன் கஞ்சியைப் பார்த்தான். "ஊட்டக் கேட்டா உன்னக் கேட்ட மாதிரிதானக்கா."

அவளுக்கு அது போதும். உயிரோடு இருக்கிறான், வருகிறான். வேறென்ன வேண்டும்?

மாணிக்கத்தின் காரியம் முடிந்த மறுநாள் காலையில் மாசிலாமணி வந்தான். சிங்காரத்தின் கூடப்பிறந்த தம்பி. இத்தனை வருஷத்தில் இந்த வாசலை மிதிக்காதவன், இன்றும் உள்ளே வரவில்லை. வெளி முற்றத்தில் நின்றுகொண்டு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றினான், மறுபடி அவிழ்த்தான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாததுதான். ஆனா சொல்லாம இருந்து மாணிக்கத்தப் பொதச்சிட்டோம்."

"சொல்லு."

"மேக்கால ஒரு மலை தெரியுதே, மாட்டுத் திமிலு மாதிரி, அத்த கடல்லேருந்து பாத்தா, அந்தத் திமிலுக்கு நேர் கீழ இந்த வெள்ளச் செவுரு வந்து நிக்கும். ரெண்டையும் ஒண்ணாப் புடிச்சிக்கினு நேரா வந்தா மொகத்தாரம். கடல்ல வழி புடிக்க நாங்க வெச்சிக்கற குறி அது, அந்தக் காலத்துது. நடுவுல பெருங்காத்து ஒண்ணு அடிச்சிதே, அதுல மொகத்தாரம் வடக்கால நவுந்துபோச்சு. இப்ப திமிலையும் செவுத்தையும் சேத்துப் புடிச்சி வந்தா நேராத் திட்டுலதான் மோதணும்."

நாகம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. முகத்துவாரம் நகர்ந்தது ஊருக்கே தெரிந்த விஷயம், அது வருஷா வருஷம் கொஞ்சம் நகரும். சுவர் வெள்ளையாக இருந்தால் போதும் என்று மட்டுமே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் ஒரு வழி என்பது இன்றுதான் அவள் காதில் விழுகிறது. விளங்கியதும் அவளுக்கு வந்த கோபத்தில் மாசிலாமணி இரண்டடி பின்வாங்கினான்.

"வருசா வருசம் நான் ஏணி மேல ஏறி அடிக்கறத எல்லாரும் பாத்துகினுதானடா இருந்தீங்க?"

"பாத்துகினுதான் இருந்தோம்."

"ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா?"

"குறிய நாங்க கரையில பேசமாட்டோம் அண்ணி. பொம்பளைங்ககிட்ட பேசவே மாட்டோம். ஒருத்தனோட வழிக்குறி அவனுக்குச் சொத்து மாதிரி. தனக்கு இனிமே வேணாம், அந்தப் பக்கமே போவப் போறதில்லன்னு ஆனப்பறந்தான் இன்னொருத்தனுக்குக் குடுப்பான். அதுவரைக்கும் பெத்த புள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டான். இது செத்த குறி, எவனுக்கும் உதவாது, அதனாலதான் உன்கிட்ட சொல்லத் துணிஞ்சேன்." அவன் குரல் இறங்கியது. "எங்களுக்குப் புது வழி தெரியும். பழசு யாருக்கு வேணும்னு இருந்துட்டோம். ஊர உட்டுப் போனவங்க மண்டைல பழசுதான் இருக்கும்னு எங்களுக்குத் தோணவே இல்ல. எங்கண்ணன் மண்டைலயும் அதான் கீது. இந்தக் காத்துல தெக்கால போய்ச் சொல்லவும் ஆள் கெடையாது."

முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாகம்மாள் அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். அது கண்ணைக் கூசவைத்தது. தன் கையாலேயே ஒருவனைக் கொன்றிருக்கிறோம், அடுத்தவனுக்கும் வலை விரித்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

வீரராகவனிடம் ஓடினாள். வெள்ளையடிக்க வேண்டாம், வேறு நிறம் எதையாவது அடித்துக்கொள்ளட்டும், படகு மோதுகிறது என்று கெஞ்சினாள். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"வெயிலுக்கு வெள்ளைதான் குளுமைன்னு துரை இந்த வீட்டையே எடுத்துண்டார். படகு எங்கே போய் மோதினா அவருக்கு என்ன? படகோட்டறவன் கண்ணைத் திறந்துண்டு ஓட்டட்டும். இதோ பார், அந்த வெளுப்புதான் உன் வீட்டுக்கு உயிர். அதுல கை வெச்சே, மறுநாள் கடப்பாரைதான்."

அவர் பொல்லாதவர் இல்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

திரும்பி வந்த நாகம்மாள் அன்று முழுவதும் அடுப்பு மூட்டவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய் நின்றாள். இந்த வீட்டை விட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது? பிறந்த வீடு இல்லை, புகுந்த ஊர் இல்லை, பிள்ளை இல்லை. அவன் வரும்போது காட்ட இது ஒன்றுதான் இருந்தது. பார், நீ சொன்னபடி வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வெள்ளை இருந்தால் வீடு இருக்கும், ஆனால் அவன் சாவான். வெள்ளை போனால் வீடு போகும், அவனாவது எங்கேயாவது பிழைத்துக் கிடப்பான். யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். யோசிக்க இல்லைதான். ஆனாலும் பொழுது சாயும்வரை அவள் யோசித்தாள்.

விடிந்ததும் மாசிலாமணியிடம் போய்க் கீல் கேட்டாள். படகுப் பலகையில் தண்ணீர் புகாமல் பூசுகிற கருப்புக் கீல். அவன் எதற்கு என்று கேட்கவில்லை, குடம் குடமாகக் கொண்டுவந்து வைத்தான். கீல் பிடித்த சுவரில் பிறகு எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் நிற்காது, கருப்பு மேலே வந்துவிடும். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அதே மூங்கில் ஏணிதான். அந்தச் சுவரில் எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் வெடிப்பு என்று அவள் கைக்குத் தெரியும். இத்தனை வருஷம் வெளுத்த கையே மேலிருந்து கீழாகக் கருப்பை இழுத்தது. ஊர் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். நாகம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே பூசினாள், அழுகையை மறைக்கவும் இல்லை.

துரை வந்து பார்த்தார். என்னவோ கத்தினார். வீரராகவன் அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இடிக்க வந்த கூலியாட்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? முன்பு அவள் துடைப்பத்தால் துரத்தினாளே, அவர்களேதான். ஆனால் இந்த முறை ஒருவரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நல்ல செங்கல் எல்லாம் கிடங்குக்குப் போயிற்று. உத்தரம் வண்டியேறியது. நாகம்மாள் முற்றத்து மூலையில் மூட்டையோடு உட்கார்ந்து கடைசி ஜன்னல் இறங்குகிறவரை பார்த்தாள்.

"சாமி, ஒடஞ்ச கல்ல நான் எடுத்துக்கட்டா?" என்று வீரராகவனைக் கேட்டாள்.

"அதை வெச்சுண்டு என்ன பண்ணப்போறே?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கோ, எடுத்துக்கோ," என்று கையை வீசினார்.

என்ன செய்யப்போகிறாள் என்று முதலில் புரிந்துகொண்டவன் மாசிலாமணி. மலையை நகர்த்த முடியாது, முகத்துவாரத்தையும் முடியாது. வெள்ளையை நகர்த்தலாம் அல்லவா? திமிலுக்குக் கீழே வெள்ளை என்றுதானே சிங்காரம் தேடுவான்? மாசிலாமணி படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்ப் புது முகத்துவாரத்துக்கு நேரே நின்றான். இவள் பசியாவரத்து மணல்மேட்டில் கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தாள். அவன் துடுப்பைத் தூக்கிக் காட்டிய இடத்தில் கம்பை ஊன்றினாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால் வழக்கமும் கெடவில்லை.

உடைந்த கல் படகு படகாக வந்தது. நாகம்மாள் கூடையில் சுமந்து, சேறும் சுண்ணாம்பும் வைத்து அடுக்கினாள். பசியாவரத்துப் பெண்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒரு நாள் பொன்னியம்மாள் வந்தாள். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நாகம்மாள் நின்றாள். பொன்னியம்மாள் ஒரு கூடைக் கல்லைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள், கொட்டினாள், இறங்கிப் போய்விட்டாள். மறுபடி வரவில்லை.

இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் எழுந்தது. சுவர் என்று நான் சொல்கிறேன், பார்த்தவர்கள் கல்குவியல் என்றுதான் சொல்வார்கள். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் வழவழவென்று பூசி, கிளிஞ்சல் சுட்டு, வெள்ளை அடித்தாள். அதன் பின்பக்கம் ஒரு ஓலைச் சாய்ப்புப் போட்டுக்கொண்டாள். மாடி ஜன்னல் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமானால் எழுந்து சுற்றிக்கொண்டு போகவேண்டும். அவள் சுற்றிக்கொண்டு போனாள், ஒவ்வொரு நாளும்.

மழை வந்து போயிற்று. மறுபடி தெற்குக் காற்று எழும்பியது.

அந்தத் தோணியை அவள்தான் முதலில் பார்த்தாள். நூல் பிடித்தாற்போல நேராக வந்தது. போன முறை பார்த்த பாய் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. திட்டு இருக்கும் இடத்தை விட்டு விலகி, புது முகத்துவாரத்தின் நடு நீரில் தோணி நுழைந்தது. அலையில் ஒரு தூக்குத் தூக்கியது, அடுத்த கணம் ஏரித் தண்ணீரில் வாத்து மாதிரி மிதந்தது. நாகம்மாள் இந்த முறை தலை வாரிக்கொள்ளவில்லை. அப்படியே ஓடினாள்.

மாசிலாமணி கயிற்றைப் பிடித்துத் தோணியை அணைத்துக்கொண்டிருந்தான். உள்ளே சரக்கு மூட்டைகள், நாலைந்து ஆட்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சுக்கான் பிடித்திருந்தவன் நாகப்பட்டினத்துக்காரன், முப்பது வயது இருக்கும். இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவையாம். முதல் தடவையிலேயே இப்படி நுழைந்துவிட்டோமே என்ற பெருமை அவன் முகத்தில் வழிந்தது.

"புதுசா வர்றவனுக்கு இந்த வழி எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் நாகம்மாள்.

"எங்க ஊர்ல உங்க பக்கத்து ஆளு ஒருத்தர் இருக்காரும்மா, சிங்காரம்னு. அவருதான் சொன்னாரு. மலைத் திமிலுக்குக் கீழ ஒரு வெள்ளை வீடு தெரியும், ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு வா, கண்ண மூடிக்கிட்டு நுழையலாம்னாரு. சொன்னபடியே இருந்துச்சு."

மாசிலாமணியின் கையில் கயிறு நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை, குனிந்து தண்ணீரைப் பார்த்தான். ஒருவன் தன் குறியை எப்போது இன்னொருவனுக்குக் கொடுப்பான் என்று அவன்தானே அவளுக்குச் சொன்னான்.

"ஆனா வீட்டைக் காணோமேம்மா?" என்றான் அந்த நாகப்பட்டினத்தான், மணல்மேட்டை அண்ணாந்து பார்த்து. "வீடுன்னுதான் சொன்னாரு."

"அதான் ஊடு," என்றாள் நாகம்மாள். "அவ்ளோதான் மிச்சம்."

"அவரு நல்லா இருக்காரும்மா. அங்கேயே வலை பின்னிக்கிட்டு, குடும்பமா..."

"கஞ்சி கீது. சாப்டுட்டுப் போங்க," என்று அவள் இடைமறித்தாள். பிறகு மாசிலாமணியிடம், "கயித்த இழு. தோணி திரும்பிக்கப் போவுது," என்றாள்.

வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். சிந்தாமல் ஊற்றினாள். அவர்கள் போனபிறகு சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அன்று அவள் சுவரோடும் பேசவில்லை. இத்தனை வருஷம் அவளோடு இருந்தது தனிமை என்று அவள் நினைத்திருந்தாள். அதில் ஒருவன் வந்துகொண்டே இருந்தான். இப்போதுதான் உண்மையில் யாரும் இல்லை.

அந்த வருஷமும் மழை ஓய்ந்தது, தை பிறந்தது. நாகம்மாள் ஏரியில் இறங்கிக் கிளிஞ்சல் அள்ளினாள், சுட்டாள், தாளித்தாள், துணியில் வடிகட்டினாள். ஏணியைச் சாத்தி ஏறினாள். யார் வரப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது, வருகிறவர்களுக்கும் அவளைத் தெரியாது. சாயங்காலத்துக்குள் சுண்ணாம்பு காய்ந்தது. எல்லா வருஷமும் காய்ந்த அதே வெள்ளையாகத்தான் காய்ந்தது.